ரீபா பல்லைக் கடிக்கா

— இந்தா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டா. காதுல விழுதா அக்கா? மொதல்ல தூக்கத்துலதான் கடிச்சா. இப்போ முழிச்சிருக்கும்போதே கடிக்கா.

— சவத்த விடு இன்பம். எலி என்னத்தையோ கொறிக்குன்னு நெனச்சுக்கிடுவாவ.

— பள்ளிக்கூட வராந்தாவுல எலியா? அதுவும் புதுக் கவுன் போட்டுக்கிட்டு உன் மடியில உக்காந்திருக்க எலியா?

— ஏளா, பையப் பேசு. அங்கன பியூன் நம்மளையே பாக்கான். நீ இப்போ அம்மா. அம்மா மாதிரி உக்காரு. கால் மேல கால் போடாத.

— அம்மான்னா கால் மேல கால் போடக் கூடாதுன்னு எந்தப் பாடத்துல இருக்கு?

— நான் அம்மாதான? நான் என்னைக்காவது போட்டிருக்கேனா?

— நீ உக்காந்து நான் பாத்ததே இல்ல. உக்காந்தாலும் மடியில பீடித் தட்டு இருக்கும். அக்கா, கடைசியாச் சொல்லுதேன். நான் உள்ள வரல. எழுந்திரி, வீட்டுக்குப் போவோம்.

— கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? ஒரு மாசமாப் பிள்ளையப் பழக்கி வச்சிருக்கேன்.

— நானும் அதைத்தான் சொல்லுதேன். ஒரு மாசமா நீ பழக்குத. ஒரு மாசமா அவ கடிக்கா. நான் படிச்சது கணக்கு. எனக்கு ரெண்டும் ஒரே கோட்டுல வருது.

— அது பூச்சி.

— பூச்சிக்கு ரெண்டு தடவ மருந்து குடுத்தாச்சு. பிள்ளைக்குப் பிச்சுக்கிட்டுப் போயி வயித்துல தண்ணிகூடத் தங்கல. பூச்சி மட்டும் எதைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கு?

— உபதேசியாரு வந்து ஜெபம் பண்ணினாருல்லா. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கேக்கும்.

— பண்ணினாரு. அவரு மூச்சு வாங்க நிறுத்துன எடத்துல எல்லாம் இவ கடிச்சா. கடைசியில அவருக்கே பல்லு கூசி, பாதியில ஆமென் சொல்லிட்டு எழுந்திரிச்சிட்டாரு. பக்கத்து வீட்டுக்காரி என்ட்ட கேக்கா, நடுச்சாமத்துல மாவு ஆட்டுதியளே, யாருக்குக் கல்யாணம்னு. எனக்கோன்னு சந்தேகப்பட்டு மாப்பிள்ளை பேரு வேற கேக்கா.

— அவ கெடக்கா, வெளங்காத மூதி.

— பல் டாக்டரு சொன்னதும் ஒனக்கு மூதி பேச்சுதான?

— அவன் சின்னப் பய. பிள்ளைக்கு மனசுல ஏதும் கஷ்டம் உண்டான்னு என்ட்டயே கேக்கான். நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன கஷ்டம்? காப்பிக்குச் சீனி போதாததுதான் கஷ்டம்.

— அவரு அது மட்டுமா சொன்னாரு? பால் பல்லு பாதிக்குப் பாதி தேஞ்சிட்டு, இன்னும் தேஞ்சா சோறு மெல்ல முடியாதுன்னும் சொன்னாரு.

— பால் பல்லுதான. விழுந்து மொளைக்கும். இந்தப் பள்ளிக்கூடத்துச் சீட்டு விழுந்தா மொளைக்குமா?

— அக்கா, ஒனக்கே நீ பேசுதது கேக்குதா?

— கேக்காம என்ன. இங்கன பாரு, ஒருக்க சொல்லிப் பாத்துருவோம். ரீபா கண்ணு, இந்தா உக்காந்திருக்காளே, இவ யாரு?

— அம்மா.

— அம்மா பேரு என்ன?

— இன்பமணி பி.எஸ்ஸி.

— நான் யாரு? நான் யாரு கண்ணு? என்ன, தரையப் பாக்க? சொல்லு.

— பெரியம்மா.

— அந்தா, கிளி மாதிரி சொல்லிட்டா பாத்தியா.

— எந்தக் கிளி சொல்லி முடிச்சதும் அலகை நறநறன்னு கடிக்கு? பாரு, தாடை ரெண்டும் எப்படிப் புடைக்குன்னு.

— நீ ஒருத்தி. ஊருக்கு எல்லாம் செஞ்ச. ஒடம்பொறந்தவளுக்குன்னு வந்தா மட்டும் ஒனக்கு நாயம் பேச வருது.

— ஆமா, செஞ்சேன். மேலப்பாளையத்துப் பாத்து அக்கா மவன் அகமது மீரானுக்கு முக்காடு போட்டுக்கிட்டுப் போயி அம்மாவா உக்காந்தேன். சுடலைக்கண்ணு அண்ணாச்சி மவளுக்குப் பொட்டும் பூவும் வச்சுக்கிட்டு உக்காந்தேன். அங்க 'உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்'னு கேட்டதுக்கு, 'எந்த வீட்டுக்காரர்'னு கேட்டுத் தொலைச்சேன். இப்போ இது மூணாவது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. சுத்துவட்டாரத்துல ஒருத்திதான் காலேஜுக்குப் போனான்னதும் எல்லாருமா என்னையக் கோயில் ஆனை மாதிரி வாடகைக்குக் கூட்டிட்டு அலையுதாவ.

— பாத்து அக்கா மவனுக்குச் சீட்டு கெடச்சதுல்லா?

— கெடச்சது. சுடலைக்கண்ணு அண்ணாச்சி மவளுக்குக் கெடைக்கலல்லா?

— ஏன் கெடைக்கல? அந்தக் குட்டி உள்ள போயி, 'இவுக இல்ல எங்கம்மா, எங்கம்மா வீட்டுல பீடி சுத்துதா'ன்னு சொல்லிட்டா. ஆறு வயசு வரைக்கும் வீட்டுலயே வச்சிருந்து கடைசியில அரசாங்கப் பள்ளிக்கூடத்துல போட்டாவ. அதைப் பாத்துத்தான் நான் பழக்குனேன். ஒரு மாசத்துக்கு முன்னாலயே வீட்டுல எல்லாத்தையும் மாத்துனேன். நீ அம்மா, நான் பெரியம்மா.

— நீ பெரியம்மா ஆனதும் அத்தான் என்ன ஆனாருன்னு யோசிச்சியா? பம்பாய்ல இருந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணினா, பிள்ளை 'எப்படி இருக்கிய பெரியப்பா'ன்னு கேக்கா. மனுசன் அங்கன என்ன பாடு பட்டாரோ. பெறவு பேசி முடிக்குத வரைக்கும் 'அப்போ ரீபாவுக்கு அப்பா யாரு, அப்பா யாரு'ன்னே கேட்டுக்கிட்டு இருந்தாரு.

— அவரு புரிஞ்சுக்கிட்டாரு. கடுதாசி எழுதிக் குடுத்துட்டாருல்லா.

— எழுதிக் குடுத்தாரு. 'என் மனைவி இன்பமணி நேர்காணலுக்கு வருவார்'னு. அதைக் கையில வச்சுக்கிட்டு நான் எப்படி அத்தான் மூஞ்சியில முழிக்க?

— சவத்த விடு. காயிதத்துலதான.

— அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அம்மான்னு அவ கூப்பிட்டா நீ திரும்பாம இருக்கியே, அது எப்படி முடியுது ஒனக்கு?

— மொத மூணு நாளு அழுதா. பெறவு பழகிட்டா. திரும்பிப் பாத்தா பழகுமா?

— அன்னைக்கு ராத்திரி தண்ணி கேட்டாளே.

— 'அம்மா தண்ணி'ன்னா. நான் சுவரப் பாத்துப் படுத்துக்கிட்டேன். நீதான எழுந்திரிச்சுக் குடுத்த.

— நான்தான் குடுத்தேன். நீ தூங்கலன்னும் எனக்குத் தெரியும்.

— எட்டாவதோட நின்னவ நான். நீ பள்ளிக்கூடம் போகும்போது நான் பீடித் தட்டை மடியில எடுத்து வச்சேன். அதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. ஆனா இந்தக் கதவுல, 'தாய் பட்டதாரியாக இருத்தல் வேண்டும்'னு எழுதி ஒட்டியிருக்கான். நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். என் பிள்ளை என்னால வெளிய நிக்கக் கூடாது இன்பம். ஒருநாள் பெரியம்மாவா இருந்தா என்ன, செத்தா போயிருவேன்?

— ஒருநாளா?

— கூப்பிடுதாவ. 'ரீபா தேவதாசன்'ங்கான் பியூன். எழுந்திரி. ரீபா, பெரியம்மா கையை விடு. அம்மா கையைப் பிடி. அந்தக் கை இல்ல கண்ணு. அந்த அம்மா.

*

— உக்காருங்க. ரீபாவோட அம்மா நீங்கதானே?

— ஆமா மேடம். இன்பமணி. பி.எஸ்ஸி. கணிதம்.

— நல்லது. இவங்க?

— என் அக்கா. பிள்ளைக்குப் பெரியம்மா.

— பெரியம்மா வெளிய இருக்கலாமே.

— நான் போயிருதேன் மேடம். பிள்ளை சேலைய விட மாட்டேங்கா. ஏளா, விடு. விடு கண்ணு, மேடம் பாக்காவல்லா.

— பரவாயில்ல, இருக்கட்டும். அது என்ன சத்தம்?

— எது மேடம்?

— நறநறன்னு.

— ஃபேன் மேடம்.

— கரண்டு போயி அரை மணி நேரம் ஆகுதும்மா.

— அப்போ வெளிய ஏதாவது மரம் அறுக்காவளா இருக்கும்.

— நல்லது. உங்களை எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னால நான் வேற பள்ளிக்கூடத்துல இருந்தேன். அங்க ஒரு அம்மா வந்தாங்க, அச்சு அசல் உங்க சாடை. கடைசியில பாத்தா அவங்க அம்மாவே இல்ல. அந்தப் பிள்ளையே போட்டு உடைச்சிருச்சு.

— எங்க பக்கத்துல எல்லாருக்கும் ஒரே சாடை மேடம்.

— அவங்க பெரிய பொட்டு வச்சிருந்தாங்க. உங்களுக்குப் பொட்டு இல்ல. அதனால நீங்களா இருக்காது. நல்லது. பாருங்க, நாங்க கேக்கிறது ஒண்ணுதான். அம்மா படிச்சிருக்கணும். படிக்காத அம்மா இருக்கிற வீட்டுல பிள்ளை என்னதான் கெட்டிக்காரப் பிள்ளையா இருந்தாலும் உருப்படாது. நாங்க இங்க நாள் முழுக்கச் சொல்லிக் குடுக்கிறதை அவங்க சாயங்காலம் ஒரு மணி நேரத்துல கெடுத்துருவாங்க.

— மேடம், உங்க அம்மா என்ன படிச்சிருக்காங்க?

— என்ன?

— உங்க அம்மா.

— அவ சும்மா கேக்கா மேடம். அவளுக்குப் படிப்புன்னா அப்படி ஒரு ஆசை. யாரைப் பாத்தாலும் என்ன படிச்சிருக்கியன்னுதான் கேப்பா.

— எங்க அம்மா காலம் வேற. அப்போ இந்த ஃபாரம் எல்லாம் கிடையாது. நல்லது. பிறப்புச் சான்றிதழ் குடுங்க. இதுல தாய் பேரு ஞானப்பூன்னு இருக்கு?

— அது எனக்கு வீட்டுப் பேரு மேடம். சர்டிபிகேட்டுல இன்பமணி.

— பெரியம்மா, உங்க பேரு?

— ஞானப்பூ மேடம்.

— ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?

— ஆச்சி பேரு மேடம். எங்க வீட்டுல எல்லாப் பொம்பளைக்கும் வீட்டுப் பேரு ஞானப்பூதான். ஒரு தடவ கூப்பிட்டா அஞ்சு பேரு என்னன்னு கேப்போம்.

— நல்ல வழக்கம். சரி, பிள்ளை விவரம் எழுதிக்கலாம். முதல் பல்லு எத்தனையாவது மாசம் வந்துச்சு?

— ஒம்பது இருக்கும் மேடம்.

— ஏழு மேடம். ஏழு முடிய நாலு நாள் இருந்துச்சு. கீழ ரெண்டு. அன்னைக்கு ஆத்துல வெள்ளம். பாலு குடிக்கையில நறுக்குன்னு கடிச்சிட்டா, அப்போதான் பல்லு வந்திருக்குன்னே தெரிஞ்சுச்சு.

— யாரைக் கடிச்சா?

— இவளைத்தான் மேடம். இவ கத்துன கத்துல நான் அடுப்படியில இருந்து ஓடி வந்தேன்லா. அதான் எனக்கு நல்லா நெனவு இருக்கு.

— ஆமா மேடம், கத்துனேன். நல்ல வலி.

— நல்லது. பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?

— இட்லி மேடம்.

— இட்லியில ஒரு விரல்கூட வைக்க மாட்டா மேடம். புட்டும் பழமும் பெசஞ்சு குடுத்தா ரெண்டு கிண்ணம் திம்பா. பழத்துல கறுப்பு இருந்தா எடுத்துரணும்.

— பெரியம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே.

— அக்கா வீட்டுல சும்மா இருக்கா மேடம். நான் படிச்சவ. எனக்கு என்ன தெரியும்?

— அப்படிச் சொல்லாதீங்க. உங்க படிப்பு வீண் போகாது. பிள்ளைக்கு நீங்க இருக்கீங்கங்கிற தெம்புலதான் நான் இந்த சீட்டைக் குடுக்கிறேன்.

— குடுக்கியளா மேடம்? நெசமாவா? ஏளா இன்பம், கேட்டியா? சீட்டு.

— பெரியம்மா, நீங்க கொஞ்சம் அமைதியா இருங்க. இது அம்மாகிட்ட சொல்ற விசயம். பாருங்க இன்பமணி, பிள்ளை அட்டையில உங்க போட்டோ ஒட்டுவோம். தினமும் மத்தியானம் நீங்களே வந்து பிள்ளைக்கு ஊட்டிட்டுப் போகணும். அட்டையில இருக்கிற முகத்தைத் தவிர வேற யாரையும் வாட்ச்மேன் கேட்டுக்குள்ள விட மாட்டான்.

— எத்தனை நாளைக்கு மேடம்?

— எல்.கே.ஜி., யு.கே.ஜி. ரெண்டு வருசம். அப்புறம் ஆண்டு விழா, அம்மாக்கள் கூட்டம், ரேங்க் அட்டையில கையெழுத்து, அது பத்தாவது வரைக்கும் இருக்கும்.

— பத்தாவது வரைக்கும் நான்தான் அம்மாவா?

— பின்ன யாரு?

— ஒருநாள்தான்னு சொன்ன அக்கா. கேட்டுக்கிட்டியா?

— சரின்னு சொல்லு இன்பம்.

— பெரியம்மா வந்து ஊட்டக் கூடாதா மேடம்? இவளுக்குத்தான் அந்தப் பழத்துல கறுப்பு எடுக்கத் தெரியும்.

— சட்டம்னா சட்டம்தாம்மா. இன்னைக்குப் பெரியம்மான்னு விட்டா நாளைக்குப் படிக்காத ஆளுங்க எல்லாம் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க.

— வருவா மேடம். இவதான் வருவா. நான் புட்டு அவிச்சுக் குடுத்து விட்டுருவேன், கறுப்பெல்லாம் எடுத்துட்டு. நான் கேட்டு வரைக்கும்கூட வர மாட்டேன். அந்த ரோட்டுப் பக்கமே வர மாட்டேன். நீங்க எழுதிக்கிடுங்க மேடம்.

— அக்கா, ஒனக்கு என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. கண்ணுல தூசி. எழுதச் சொல்லு.

— நல்லது. ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா? விரல் சூப்புறது, மண்ணு திங்கிறது, பல்லைக் கடிக்கிறது?

— இல்ல மேடம்.

— சுத்தமா இல்ல மேடம். வாயே தொறக்க மாட்டா.

— மறுபடியும் அந்தச் சத்தம் கேக்குதே. இப்போ மரம் அறுக்கிற ஆளெல்லாம் சாப்பிடப் போயிருப்பாங்க. ரீபா, இங்க வாங்க. மிஸ்கிட்ட வாங்க. அந்தச் சேலைய விடுங்க. வெரி குட். ஆ காட்டுங்க. இன்னும் நல்லா. என்னம்மா இது, பல்லெல்லாம் இப்படித் தேஞ்சிருக்கு?

— கருப்பட்டி மிட்டாய் ரொம்பத் திங்கா மேடம்.

— பெரியம்மா, கருப்பட்டி தின்னா பல்லு சொத்தையாகும். அரம் வச்சுத் தேச்ச மாதிரி தட்டையாகாது. நான் பிள்ளையவே கேட்டுக்கிறேன். பொய் சொல்லத் தெரியாத வயசு இது. ரீபா, நீங்க பல்லைக் கடிப்பீங்களா?

— ஆமா மிஸ்.

— மேடம், அது பூச்சி. இன்னைக்கே மருந்து குடுத்துருதேன். சீட்டை மட்டும் நிறுத்திராதிய.

— நீங்க இருங்க. ஏன் கண்ணு கடிக்கிற? பள்ளிக்கூடம் வரப் பயமா?

— இல்ல மிஸ்.

— யாராவது அடிச்சாங்களா?

— யாரும் அடிக்கல.

— பின்ன ஏன்? மிஸ் கோவிச்சுக்க மாட்டேன். கடிக்கிறதை விட்டுட்டுச் சொல்லு.

— பெரியம்மா, சொல்லட்டா?

— அவளை ஏன் கேக்க, ரீபா? இங்கன என்னையப் பாரு. நான் சொல்லுதேன், நீ சொல்லு. யாருக்கும் பயப்படாத. என்னக்கா, கையைப் பிடிக்க? விடு. ஒரு தடவையாவது அந்தப் பிள்ளை பேசட்டும். சொல்லு கண்ணு, எதுக்குக் கடிக்க?

— வாயத் தொறந்தா பெரியம்மாவ அம்மான்னு கூப்பிட்டுருவேன் மிஸ், அதான் வெளிய வராம கடிச்சுப் பிடிச்சிருக்கேன், தூங்கும்போதும்.